கதவு ஏன் மூடவில்லை

1996-இல், எனக்கு 17 வயதாக இருந்தபோது, மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். 14 வருடமாக ஓடாத வண்டி. டயர் நான்கும் மண்ணில் அழுந்தியிருந்தன. கூரை முழுக்க வேப்பம்பழம் காய்ந்து ஒட்டியிருந்தது. பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. அந்தப் பணம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது. வீட்டு மாமி அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"எடைக்கு மட்டும் போட்டுடாதேடா கோந்தே. ஓட்டுவேன்னா எடுத்துண்டு போ" என்றார். அவர் கணவர் 1965-இல் புதிதாக வாங்கி, தினமும் ஆபீஸ் போய்வந்த வண்டி.

எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஸ்போர்ட்ஸ் கார். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பற்றிச் சித்தப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பியட், அம்பாசிடரோடு ஹெரால்டும் அங்கே சீறிய கதைகளை அவர் கையை வீசி வீசிச் சொல்வார். இரண்டே கதவு, தாழ்ந்த முகம், பின்புறம் சிறிதாய் ஒரு வால்மடிப்பு. அன்றைய மெட்ராஸ் பையனின் கைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் என்பது, எங்கள் தெருவின் அகலத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும் பெருமை.

வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மோட்டார் சைக்கிள் ஸ்பானர்கள் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. இதிலிருந்த போல்ட்டுகளோ அங்குலக் கணக்கு. 7/16, 1/2 என்று புதுப்பேட்டையில் அலைந்து பழைய ஸ்பானர் செட் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். பானெட்டைத் தூக்கினால் பக்கச் சிறகுகள், விளக்குகள் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து, எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியாக நின்றன. சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். கூரையைக் கழற்ற எத்தனை நாள் ஆகுமோ என்று பயந்திருந்தேன். போல்ட்டுகளை எடுத்துவிட்டு நண்பர்கள் மூன்று பேரோடு தூக்கினேன், பந்தல் கூரைபோல வந்துவிட்டது. வண்டியின் நடு உடலும் முன் பாதி, பின் பாதி என இரண்டு துண்டு. பத்தே நாளில் எங்கள் மொட்டைமாடியும் திண்ணையும் கார் துண்டுகளால் நிறைந்தன. தரையில் வெறும் சேஸிஸ் நின்றது.

ராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பாய் வந்து பார்த்தார். "அம்பாசிடரை இப்படிப் பிரிக்க முடியாது தம்பி. அது ஒரே கூடு. இது மட்டும் ஏன் இப்படிச் செஞ்சான்னு எனக்கும் தெரியாது" என்றார். அந்த 'ஏன்' எனக்குள் ஒட்டிக்கொண்டது.

எஞ்சின் வேலை எதிர்பார்த்தபடி போனது. 948 சிசி, 4 சிலிண்டர், புதிதாக இருந்தபோது சுமார் 35 குதிரைத்திறன். லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, புது பிஸ்டன், ரிங் போட்டேன். சோலெக்ஸ் கார்பரேட்டரைப் பெட்ரோலில் ஊறவைத்துச் சுத்தம் செய்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் பித்தளைக் கட்டையில்தான் நெஞ்சு பதறியது. டிரன்னியன் என்பார்கள். அதற்கு 90 எண் கியர் ஆயில் விடவேண்டும். பல பட்டறைகளில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் கெட்டிப்பட்டு மரைகளின் அடிவரை போகாது. அங்கே தண்ணீர் இறங்கித் துரு பிடித்தால் ஒருநாள் சக்கரம் ஒடிந்து சாயும். என் வண்டியின் வலது பக்க மரை பாதி தின்னப்பட்டிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

டிங்கரிங் முடித்து, பட்டி பூசி, எமரி ஷீட் தேய்த்து, எல்லாவற்றையும் மறுபடி பூட்டினேன். வலதுபக்கக் கதவு மூடவில்லை. கீலைத் தளர்த்தினேன், பூட்டை நகர்த்தினேன், விளிம்பைத் தட்டினேன். மேலே இடிக்கும், கீழே விரல் நுழையும் இடைவெளி. ஐந்து வாரம் அந்தக் கதவோடு மல்லுக்கட்டினேன்.

வண்டி பிறந்த இடம் வெகுதூரத்தில் இல்லை. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. 1961-இல் ஹெரால்டு அங்கே வெளிவரத் தொடங்கியது. நான்கு கதவு ஹெரால்டு அங்கே மட்டும்தான் பிறந்தது, இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது. 1988-இல் ஆலை மூடப்பட்டது. சைக்கிளில் போய், ஆலை வாசலை ஒட்டிய டீக்கடையில் விசாரித்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவரைக் காட்டினார்கள். 1962-இல் வேலைக்குச் சேர்ந்து, கடைசிவரை இருந்தவர்.

கதவு கதையைச் சொன்னதும் சிரித்தார். "கதவுல தப்பைத் தேடாத தம்பி. பாடி சேஸில உக்கார்ற எடத்துல வாஷர் இருக்குதா பாரு. ஒண்ணு கூட்டினா முன்னால நிமிரும், ஒண்ணு குறைச்சா மடங்கும். மேல தெரியற கோணலுக்கு மருந்து கீழதான்."

நான் பழைய வாஷர்களைத் துரு என்று தூக்கிப்போட்டிருந்தேன். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை இருந்தன என்று எண்ணியிருக்கக்கூட இல்லை. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்ததையும், பிரித்துப் பூட்டியதையும், பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யத் தொடங்கியதையும் அவர் மாலைவரை சொன்னார். 'ஏன்' என்ற கேள்விக்கு மட்டும் அவரிடமும் பதில் இல்லை. "வெள்ளைக்காரன் அனுப்பின படம் அப்படி" என்றார்.

அந்தப் பதிலைத் தேடிக் கன்னிமாரா நூலகத்துக்கும் பிரிட்டிஷ் கவுன்சிலுக்குமாக ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். துண்டு துண்டாகக் கிடைத்ததைக் கோத்துச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனி, 1953-இல் கொண்டுவந்த 'எய்ட்' என்ற சிறிய காரை ஒரே கூடாகத்தான் செய்தது. கூட்டை அச்சடித்துக் கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற வேறொரு நிறுவனம். அதே ஆண்டில் அந்த நிறுவனத்தை, ஸ்டாண்டர்டின் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. அடுத்த காருக்குக் கூடு செய்து தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முழுக்கூட்டை அச்சடிக்கும் பெரிய எந்திரங்கள் ஸ்டாண்டர்டிடம் இல்லை. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டருக்கு ஒரே வழிதான் இருந்தது: உடலைச் சின்னச்சின்னத் துண்டாக்கி, பர்மிங்ஹாம், லிவர்பூல் என்று வெவ்வேறு இடங்களில் செய்யவைத்து, ஒரு தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைப்பது. மற்றவர்கள் சேஸிஸை விட்டு விலகிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் அதற்குத் திரும்பினார்கள். துண்டுகளுக்கு அழகு கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் கார் வந்தது.

கூடு தர மறுத்த அந்தக் கதையை வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால், கடல் தாண்டி யாரோ ஒரு நிறுவனத்துக்குக் கதவடைத்திருக்கிறார்கள். அதனால்தான் வெல்டிங் தெரியாத ஒரு பையன் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் காரைப் பிரிக்க முடிந்தது. பெட்டிகளில் அடைத்து அனுப்பிப் பெருங்களத்தூரில் பூட்டவும் இது இத்தனை தோதாக இருந்தது அதனால்தான்.

இன்னொன்றும் கிடைத்தது. ஹெரால்டின் சேஸிஸை 91.5 அங்குலச் சக்கர இடைவெளியிலிருந்து 83 அங்குலமாகக் குறுக்கி, மிக்கெலோட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் வரைந்திருந்தார். மாதிரி வண்டி தயாரானபோது கம்பெனியில் பணம் இல்லை. மூலையில் தள்ளித் துணி போட்டு மூடிவிட்டார்கள். 1961-இல் கம்பெனியை லேலண்ட் வாங்கி, இருப்பைப் பார்வையிட்டபோது அந்தத் துணி விலக்கப்பட்டது. உடனே ஒப்புதல். 1962 அக்டோபரில் அது ஸ்பிட்ஃபயர் என்ற பெயரோடு வெளியே வந்தது. 1980 வரை சுமார் 3,14,000 வண்டிகள். முன்பக்கமாகச் சாயும் அதே பானெட், அதே குடும்பத்து எஞ்சின். ஜாக்கியில் தூக்கினால், பிடித்துத் தூக்கிய கோழியின் கால்போல உள்ளே மடங்கும் அதே பின்சக்கரங்களும். நான் ஆசைப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பு என் திண்ணையிலேயே கிடந்திருக்கிறது.

1998 பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, புது லைசென்ஸோடு பெருங்களத்தூர் போனேன். மாம்பலத்தைத் தாண்டி நான் ஓட்டிய முதல் தூரம் அது. முதலில் மாமி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத்தான் போனேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, ஹார்னை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெரியவரை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனோம். கேட்டில் பூட்டு தொங்கியது, உள்ளே முள்மரம் மண்டியிருந்தது. கவென்ட்ரியில் கூடு கிடைக்காமல் போன கதையை முழுதும் சொன்னேன். கண்ணாடி வழியே கேட்டைப் பார்த்தபடியே கேட்டார். "26 வருஷம் பூட்டினேன். இதை எவனும் சொல்லலையே" என்றார்.

பிறகு இறங்கினார். வலதுபக்கக் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். விளிம்பில் சுண்டுவிரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இன்னும் ஒரு வாஷர் போடணும் தம்பி. 1/2 ஸ்பானர் வெச்சிருக்கியா?"

டிக்கியைத் திறந்தேன்.