நாலு விரல் கண்

தேங்காய்ச் சில்லை அடுப்புத் தணலில் போட்டு, ஓரம் கறுத்து எண்ணெய் கசியும்வரை புரட்டிக்கொண்டிருந்தான் தம்பி. கறிக்கல்ல, இறாலுக்கு. "பச்சத் தேங்காய்க்கு வராதுண்ணே. வாடை தண்ணியில ஓடணும். சுட்டாத்தான் ஓடும்" என்றான். சுட்டதைப் புண்ணாக்கோடு இடித்து, பழைய நுளம்புவலைத் துண்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு மூன்று முடிச்சுகளாகக் கட்டினான். துணி இல்லாமல் போட்டால் பொடி மீன்கள் பத்து நிமிடத்தில் தின்று தீர்த்துவிடுமாம்.

றத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவன். இப்போது தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் நாட்டாமி. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இதை எழுதினால் ஊர்ப்பெரியவர் என்று நினைத்துவிடுவார்கள். இங்கே நாட்டாமி என்றால் மூட்டை தூக்குகிறவன். கிழமை முழுக்க இரவிரவாகக் கோவா மூட்டையும் கரட் மூட்டையும் சுமந்துவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் இரண்டு கூடுகளை சைக்கிளில் கட்டிக்கொண்டு கண்டலமைக் குளத்துக்குப் போவான். விற்பதற்கு இல்லை. "அது ஒரு பைத்தியம்ண்ணே" என்பான். அந்தப் பைத்தியத்தைப் பார்க்கத்தான் நானும் மாத்தளையிலிருந்து பஸ் ஏறினேன்.

கடலே தொடாத மாவட்டம் எங்களுடையது. இறால் என்றால் சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, கடையில் வாங்கும் காய்ந்த கூனி. மற்றது, ஓடையில் அம்மாவின் பழைய சேலையை இரண்டு பேர் விரித்துப் பிடிக்க, மூன்றாமவன் கல்லைப் புரட்டி விரட்டும்போது துள்ளி விழும், விரல் நகமளவுப் பூச்சி. ஒரு சாண் நீள உடலும் அதற்குமேல் நீண்ட நீலக் கைகளுமாக ஓர் இறால் மாத்தளை மண்ணில் கிடைக்கும் என்று எவராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கூடு பின்னிக் கொடுத்தவர் குளக்கரையில் இருக்கும் ஒரு முதிய மீனவர். தம்பி அவரை "சீயா" என்றுதான் கூப்பிடுகிறான். அவரும் இவனைப் பேரனாகவே நடத்துகிறார். அவர் பேச்சு முழுக்கச் சிங்களம். கூட்டுக்கு அவர் சொல்லும் பெயர் கெமன. மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, கண்ணாடிப் போத்தல் மாதிரி வால்பக்கம் ஒடுங்கும்படி நைலோன் நூலால் கட்டியிருக்கிறார். சூட்சுமம் முழுவதும் வாயில்தான். வாயிலிருந்து உள்நோக்கி ஒரு புனல். அதன் முடிவில் கட்டாமல் விட்ட சிம்பு முனைகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நிற்கின்றன. நான் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே போகும்போது கதவு மாதிரி விலகிக்கொடுத்தது. இழுத்தபோது நாலு பக்கமும் குத்தியது.

"இறாலுக்குக் கைதான் எதிரி" என்றார் சீயா. அவ்வளவு நீளக் கையை முன்னே நீட்டிக்கொண்டு உள்ளே நடந்து வந்துவிடும். வெளியேறப் பார்த்தால் அந்தக் கையே முனைகளில் மாட்டும். பயந்தால் மீன் முன்னால் ஓடும்; இறால் வாலை மடக்கிப் பின்னால் பாயும், பாய்ந்து கூட்டின் சுவரில் மோதும். அதனால் இரையை வாயருகே வைக்காமல் வால் முனையில் கட்டவேண்டும்.

வெயில் சாய்ந்ததும் புல் மண்டிய ஓரத்தில், தொடையளவுத் தண்ணீரில் கூடுகளை வைத்தோம். நான் என் பங்குக்குக் கூட்டை நன்றாக அமுக்கிவிட, சீயா சத்தம் போட்டார். வால்பக்கம் ஒரு சாண் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டுமாம். இரை தேடி ஆமையும் நுழையும். இறால் விடியும்வரை தண்ணீருக்குள் கிடக்கலாம், ஆமைக்கு மூச்சு விட இடம் வேண்டும். இந்த ஒரு சாண் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, அவர் கையில் இருக்கிறது.

இரவு அவருடைய தகரக் கொட்டிலில் தேநீர். டோர்ச்சைத் தண்ணீர் ஓரமாகச் சாய்த்து அடித்தால், அடியில் தணல் பொட்டுகள் மாதிரிச் சோடி சோடியாகக் கண்கள் மின்னின. தம்பிக்குப் பொறுமை இல்லை. ஐந்து நிமிடத்துக்கொருமுறை எழுந்து போனான். நானும் சீயாவும் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய குளத்துச் சரித்திரம் இறாலில் தொடங்கவில்லை, திலாப்பியாவில் தொடங்குகிறது. 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. உலர்வலயக் குளங்களின் தொழிலே அதன்மேல்தான் எழுந்தது. 1990இல் உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்று குளத்து மீன்பிடிக்கான உதவிகளை அரசாங்கம் நிறுத்தியது. குஞ்சு இல்லை, அதிகாரி இல்லை, கேட்பாரும் இல்லை. 1994இல்தான் திரும்ப வந்தது. அந்த நாலு வருடத்தில் பொடிக்கண் வலைகள் குளத்தைச் சுரண்டிவிட்டன என்பது அவர் கணக்கு. இத்தனைக்கும் பௌர்ணமிப் போயா நாளில் குளத்தில் கால் வைக்காத மனிதர்.

அவருடைய வலையை எடுத்துக் காட்டினார். உள்நாட்டு நீர்நிலைகளில் செவுள் வலையின் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. கண்ணை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளக்க வேண்டும். அடிமட்டம் யாரிடம் இருக்கிறது? ஒரு கண்ணை இரண்டு கையாலும் இழுத்து, அதன் மேல் நாலு விரலைச் சேர்த்து வைத்தார். சரியாக மூடியது. "இதுதான் சட்டம்" என்றார். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடுக்கிறது. தங்கூசி வலைக்கு 2006இல் தடை வந்தது. அறுந்து அடியில் கிடந்தாலும் உக்காமல் வருடக்கணக்கில் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும் வலை அது. இவரைப் போன்றவர்களுக்கு வள்ளத்துக்குப் பதிவு, தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் எல்லாம் உண்டு. தம்பி மாதிரி ஆசைக்கு வருகிறவர்களுக்கு மீனவர் சங்கம் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருப்பது மூன்றே சொல்: விற்காதே, சின்னதை விடு, கூட்டை விட்டுவிட்டுப் போகாதே.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தூக்கினோம். முதல் கூட்டில் ஒரு நண்டும் இரண்டு பொடி இறாலும். இரண்டாவதைத் தூக்கும்போதே தம்பி கத்திவிட்டான். உள்ளே நீலக்கையன் ஒன்று, முழங்கை நீளத்துக்குக் கையை விரித்துக்கொண்டு சிம்புகளைக் கவ்வியபடி இருந்தது. பக்கத்தில் செம்மஞ்சள் கை உள்ள இன்னொரு ஆண். மூலையில் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஒரு வெறும் ஓடு, மீசைகூடச் சேதமில்லாமல். ஓடு கழற்றியவனைக் காணவில்லை. ஒரு கால் துண்டும் தலையும்தான் கிடந்தன. ஓடு கழன்ற சில மணி நேரம் உடம்பு மாவு மாதிரி இருக்கும், அடைந்த இடத்தில் பக்கத்திலிருப்பவனே தின்றுவிடுவான். அடியில் கிடந்தது ஒரு பெண். வயிற்றுக்கடியில் செம்மஞ்சள் முட்டைகள் அப்பியிருந்தன. ஓயாமல் கால்களை அசைத்து அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

சீயா அதன் முதுகைப் பிடித்துத் தூக்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார்.

நான் கொஞ்சம் படித்துவிட்டு வந்திருந்தேன். திலாப்பியா குளத்திலேயே பெருகும். அதன் குஞ்சு தப்பிக்கத்தான் நாலு விரல் கண். இந்த இறால் அப்படியல்ல. வளர்வது நன்னீரில், ஆனால் குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும். 11 பருவம் அதில் கழித்த பிறகுதான் ஆறு ஏறும். பினாங்கில் ஷாவ்-வென் லிங் என்ற ஆய்வாளர் 1961இல் இதைக் கண்டுபிடிக்கும்வரை, குஞ்சுகள் ஏன் செத்துச் செத்து விழுகின்றன என்று யாருக்கும் புரியவில்லை. அடுக்களையில் இருந்ததையெல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் சோயா சோஸை ஊற்றியபோதுதான் உப்பு என்ற யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். இன்று சிலாபத்துக்கு அருகே பம்பலையிலும், தெற்கே கஹந்தமோதரவிலும் நக்டா, அதாவது தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை, பொரிப்பகம் வைத்துக் குஞ்சு எடுக்கிறது. ஒட்சிசன் நிரப்பிய பைகளில், லொறியில் வந்து குளங்களில் இறங்குபவை அவை. ஆக, இந்தக் குளத்தில் இருக்கும் இந்த வகை இறாலில் ஒன்றுகூட இங்கே பிறந்ததில்லை.

"சீயா, அந்த முட்டை பொரிச்சாலும் பிழைக்காதே?"

"தெரியும், மாத்தயா." வலது கையை நீட்டி மேற்கைக் காட்டினார். இந்த அணைக்கட்டைத் தாண்ட வேண்டும். பிறகு தம்புளு ஓயா, அது போய் விழுகிற கலாவாவி. அங்கே தாதுசேனன் கட்டிய அணை. அதையும் தாண்டினால் கலா ஓயாவில் ராஜாங்கனை. அதற்கப்புறம்தான் புத்தளம் களப்பு, உப்பு. "குஞ்சு அவ்வளவு தூரம் போய், பிறகு ஏறியும் வரவேணும். சங்கக் கூட்டத்தில் ஐயாமார் படம் போட்டுக் காட்டினார்கள்."

"பிறகேன் விட்டீங்க?"

கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. "வயித்தோட இருக்கிறதை எடுக்கிறதா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடுகளைக் கழுவப் போனார். முட்டையோடு இருப்பதில் சதை கம்மி, அதனால்தான் விடுகிறார் என்று தம்பி திரும்பும் வழியில் என் காதில் சொன்னான். இருக்கலாம். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். விஞ்ஞானப்படி வீண் என்றாலும் அந்தக் கை அப்படிச் செய்துவிட்டுப் போவது எனக்குப் பிடித்திருந்தது. பொடி இரண்டையும் விட்டதில் மட்டும் கணக்கு சுத்தம்: ஒரு குஞ்சை லொறியில் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு, அது கைக்கடங்கும் முன்பே தின்றால் நட்டம் எல்லாருக்கும்.

புறப்படும்போது புல்லுக்குள் வேறொன்று காலில் தட்டியது. ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல். தலையை வெட்டி, தலைகீழாக உள்ளே சொருகி, ஊசியால் துளை போட்டிருந்தது. வார விடுமுறைக்கு வரும் பையன்கள் வைத்துவிட்டு மறந்துபோன இறால் பொறி. கயிறு அறுந்து முழுசாக மூழ்கியிருந்தது. உள்ளே அழுகிப்போன நாலைந்து மீன், ஒரு உள்ளங்கை ஆமை. நாற்றத்தில் நான் விலகிப்போனேன். சீயா எதுவும் பேசாமல் அதைக் கவிழ்த்துக் கொட்டினார், மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினார், மடிக்கத்தியால் சரிவாக ஒரு வெட்டு வெட்டினார். பிறகு வள்ளத்தில் ஏறி, அடியில் தேங்கிய தண்ணீரை அதனால் அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினார்.