உம்மாவுக்கு ஒரு கணினி

கணக்கிடுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்று பிறந்தது ‘ஹிஸாப்’. நம் வீடுகளில் வரவு செலவுக்கும், நாளை மறுமையில் நிகழவிருக்கும் கேள்வி கணக்கிற்கும் அச்சொல்லையே வழங்குகிறோம். இக்கால அரபு மக்கள் கணினியை ‘ஹாஸூப்’ என்பதும் அவ்வேரினின்றே. ‘கணி’யிலிருந்து ‘கணினி’யை ஆக்கிக்கொண்ட தமிழும் அதே வழியில்தான் நடந்திருக்கிறது. இருமொழிகளும் ஒத்துப் பெயரிட்ட இக்கருவியை என் உம்மாவுக்கு வாங்கித்தர முற்பட்டபோது, நான் பார்க்க வேண்டியிருந்த கணக்கு வேறொன்றாக இருந்தது. அதனை இங்கே சொல்ல விழைகின்றேன்.

உம்மாவுக்கு அகவை எண்பத்தொன்று. காயல்பட்டினத்துப் பழைய வீடொன்றில் பிறந்து வளர்ந்தவர். அரபெழுத்தைத் தடையின்றி வாசிப்பார். அரபெழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழையும் அவ்வாறே. தமிழெழுத்தைக் கூட்டித்தான் படிப்பார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘மஃகானீ’ அவர் தலைமாட்டில் எப்போதும் இருக்கும். வாப்பா கொழும்பில் வணிகம் செய்த காலத்தில் இருவருக்குமிடையே போய்வந்த கடிதங்கள் எல்லாம் அரபுத்தமிழில் எழுதப்பட்டவையே. அவற்றை எங்களில் எவரும் பிரித்துப் படித்ததில்லை.

இன்று என் தங்கை ஹாங்காங்கில் இருக்கிறாள். அவளிடம் பேச வேண்டுமென்றால் உம்மா என் மகனின் கைப்பேசிக்காகக் காத்திருக்க வேண்டும். அவன் பொத்தானை அழுத்தி, முகத்தைக் காட்டி, அருகிலேயே நிற்பான். “நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “எனக்கென்று ஒன்று இருந்தால் தேவலை, வாப்பா” என்று ஒருநாள் உம்மா சொன்னார். அச்சொல்லின் பொருளை நான் அன்று உணரவில்லை.

வீட்டில் என் மகன் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினி ஒன்று கிடந்தது. உம்மாவுக்கு இதுவே போதுமென எண்ணித் துடைத்து அவர்முன் வைத்தேன். செலவில்லை என்னும் மகிழ்ச்சி எனக்கு. ஆனால் அம்புக்குறியைத் தேடிப் பிடிப்பதற்குள் அவர் கண் சோர்ந்தது. இருமுறை விரைந்து தட்ட வேண்டிய இடத்தில் அவருடைய நடுங்கும் விரல் ஒருமுறை தட்டி நின்றது. இடையிடையே ஏதேதோ அறிவிப்புகள் ஆங்கிலத்தில் எழுந்து திரையை மறைத்தன. மூன்றாம் நாள், “எத்தனை தடவை சொல்வது உம்மா!” என்று என் குரல் உயர்ந்துவிட்டது.

உம்மா சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, “உன் பாடம் நல்ல பாடந்தான் வாப்பா. மாணவிதான் மக்கு” என்றார். மடிக்கணினியை மூடி, அதன்மேல் ஒரு துணியையும் போர்த்திவைத்தார்.

பெற்றோர்முன் சலிப்பின் ஓசைகூட எழலாகாது என்று முப்பதாண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருபவன் நான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அலிஃபை அறியாத பிள்ளைக்கு நாளெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தரும் எனக்கு, அந்த அலிஃபை முதன்முதல் சொல்லித்தந்தவரிடம் மூன்று நாள் பொறுமை இல்லாமற் போயிற்றே!

மறுநாள் உம்மாவின் அருகில் அமர்ந்து, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: “உங்களுக்கு எதற்கெல்லாம் வேண்டும்?” அவர் விரல்விட்டு எண்ணினார். மகளோடு பேச வேண்டும், ஓதுதலைக் கேட்க வேண்டும், எழுத்துப் பொடியாகிவிட்ட ‘மஃகானீ’யைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்க்க வேண்டும். இந்த நான்கிற்கும் விசைப்பலகையே தேவையில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. பழைய மடிக்கணினியில் வேறொரு குறையும் இருந்தது. அதிலுள்ள விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அப்பழைய பொறிக்கு இல்லை. காவலற்ற வீட்டில் முதியவரைத் தனியே குடிவைப்பதற்கு ஒப்பாகும் அது.

தூத்துக்குடிக் கடைக்கு உம்மாவையும் அழைத்துச் சென்றேன். விற்பனையாளர் வேகத்தையும் நினைவகத்தையும் புகழ்ந்துகொண்டிருந்தார். நான் கேட்டவை மூன்றே: திரை எவ்வளவு பெரிது? எழுத்தை எவ்வளவு பெரிதாக்கலாம்? பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும்? உம்மாவோ ஒவ்வொன்றையும் கையில் ஏந்திப் பார்த்தார். பதினோரங்குலத் திரையும், ஏறத்தாழ அரைக் கிலோ எடையும் உள்ள ‘டேப்லெட்’ ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, “நான் ஓதப்போன முதல்நாளில் கையில் கொடுத்ததும் பலகைதான்” என்று சிரித்தார். அதையே வாங்கினோம். நிறுத்திவைத்துப் பேச வசதியாக, தாங்கியுள்ள உறையும் சேர்த்து வாங்கினோம்.

வாங்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை இவ்விதழின் வாசகர்கள் நினைவிற் கொள்ளல் நலம். முகப்பில் நான்கு படக்குறிகளைத் தவிர மற்றவற்றை அகற்றினேன். உம்மாவின் விரல் ஒரே இடத்தில் நீண்டநேரம் பதிந்தால் படக்குறிகள் இடம்பெயர்ந்தன. தொட்டுப் பிடிக்கும் கால அளவை நீட்டியும், முகப்பின் அமைப்பைப் பூட்டியும் அதனைச் சரிசெய்தேன். முதியோரின் விரல்நுனி உலர்ந்திருப்பதால் தொடுதிரை சிலவேளை உணர்வதில்லை. ஒளுச் செய்து கை துடைத்து வந்தபின் நன்றாக வேலை செய்வதை உம்மாவே கண்டுபிடித்தார். ‘மஃகானீ’யின் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றினேன்; அவையோ இடமிருந்து வலமாகப் புரண்டன. “கிதாபு பின்னாலிருந்து வருதே!” என்றார் உம்மா. படங்களின் வரிசையைத் தலைகீழாக்கிய பின்னரே அவருக்கு நிறைவு ஏற்பட்டது.

தீங்கு வரும் வழிகளையும் சொல்லிவைத்தேன். காவல்துறை என்றும் நீதிமன்றம் என்றும் கூறி, திரைவழியே ‘கைது’ செய்து பணம் பறிப்போர் பெருகிவிட்ட காலம் இது. அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஆகவே, அறியாத எண் அழைத்தால் எடுக்க வேண்டாம், எவர் கேட்டாலும் எந்த எண்ணையும் சொல்ல வேண்டாம் என்றேன். வங்கிக் கணக்கை அக்கருவியோடு இணைக்கவே இல்லை. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

பூட்டுக்குரிய இரகசிய எண் ஒன்று மீதமிருந்தது. தேய்ந்துபோன அவர் விரல்ரேகையைக் கருவி ஏற்கவில்லை. நான்கு இலக்கம் நினைவில் நிற்குமோ என்று நான் தயங்க, உம்மா அப்ஜத் கணக்கை எடுத்தார். அலிஃபுக்கு 1, பேக்கு 2, ஜீமுக்கு 3, தாலுக்கு 4 என எழுத்துக்கு எண் வைக்கும் அந்தப் பழைய முறையில் ஏதோவொரு சொல்லை மனத்திற்குள் கூட்டி, தாமே எண்ணை அமைத்துக்கொண்டார். “என்ன எண் உம்மா?” என்று கேட்டேன். “எவர் கேட்டாலும் சொல்லக் கூடாதென்று நீதானே சொன்னாய்?” என்றார். தோற்றதில் எனக்கு அத்துணை மகிழ்ச்சி வேறென்றும் ஏற்பட்டதில்லை.

ஹாங்காங் நம்மைவிட இரண்டரை மணிநேரம் முந்தியது. இங்கே சுபுஹு தொழுது முடிக்கையில் அங்கே தங்கை வேலைக்குப் புறப்படும் முன்னரான ஓய்வில் இருப்பாள். நான்கு நாள் கழித்து ஒரு விடியலில் உம்மாவின் அறைக்கதவு சாத்தியிருக்கக் கண்டேன். உள்ளே அவர் குரல் தாழ்ந்து பேசிற்று, பின் சிரித்தது, பின் நெடுநேரம் மௌனமாய்க் கேட்டுக்கொண்டிருந்தது. வாப்பாவுக்குப் பின் உம்மா எவரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ‘எனக்கென்று ஒன்று’ என்று அவர் கேட்டது கருவியை அன்று, சாத்திக்கொள்ள ஒரு கதவை என்பது அப்போது புரிந்தது.

என்ன பேசினார்கள் என்பதை நான் அறியேன். அந்தக் கடிதங்களைப் போலவே அதுவும் அவருடையது. என் ஹிஸாபில் ஏறிய அந்த ஒரு சொல்லை இறைவன் மன்னிப்பானாக என வேண்டியவாறு, காலடி ஓசை கேளாமல் அங்கிருந்து நகர்ந்தேன்.