மலை இணைத்த மொழிகள்

ஐப்பசி மாத ஞாயிறு ஒன்றில், பீன்யாத் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தமிழ்க் குடும்பத்தினர் பன்னிருவர் சிவகங்கே மலைக்குச் சென்றோம். தும்கூர் சாலையில் தாபஸ்பேட்டைக்கு அருகிலுள்ள அம்மலை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4500 அடி உயரமுடையது. கூதிரும் முன்பனியும் குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுதுகள் என்று பாடத்தில் படித்ததை அன்று குளிர்காற்று உணர்த்தியது.

விழுப்புரத்திலிருந்து புதிதாக வந்த அத்தைக்குக் கன்னடம் தெரியாது. பேச்சுத் துணையின்றி வாடியிருந்தார். செங்குத்துப் பாறையில் கம்பியைப் பற்றி ஏறியவர், இடைவழியில் களைத்து அமர்ந்தார். அருகிலிருந்த மூதாட்டி, “நீரு பேக்கா?” என்றார். அத்தை உடனே கை நீட்டினார். பின்னர் அம்மூதாட்டி, “மெல்லகெ பாம்மா” என்று அழைத்துச் சென்றார்.

‘நீர்’, ‘மெல்ல’ என்பன இரு மொழிக்கும் உறவான சொற்கள். நம் ‘வா’ கன்னடத்தில் ‘பா’ ஆகிறது. குரங்குகளுக்கு அஞ்சிப் பொத்தி வந்த புளிச்சோற்றை இருவரும் உச்சியில் பகிர்ந்து உண்டனர். இன்று அத்தை அண்டை வீட்டாருடன் தயங்காமல் உரையாடுகிறார்.