கைராசி

"அவருக்குக் கைராசி உண்டு" என்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலமாக வழங்கி வரும் ஒரு பாராட்டு. வலி தெரியாமல் ஊசி போடும் மருத்துவரையும், கட்டு அவிழ்க்கும்போது புண்ணை நோகச் செய்யாத செவிலியையும் மக்கள் இவ்வாறு புகழ்வர். பட்டம் பல பெற்ற மருத்துவர் அடுத்த தெருவிலேயே இருப்பினும், அவரைக் கடந்து, பேருந்து ஏறிச் சென்று, கைராசிக்காரரின் வாயிலில் காத்திருப்பார் பலர். இதனைப் பேதைமை என்று நகைத்தல் தகாது. மருத்துவரின் கல்வியை அளந்தறிய நோயாளியால் இயலாது. தன் உடலைத் தொடும் கையை மட்டுமே அவன் அறிவான். ஆயினும் ராசி என்றவுடன், அது பிறவியிலேயே வாய்த்த பேறு என்று எண்ணிவிடுகின்றனர். அந்தக் கை எங்கே பழகிற்று, எத்தனை முறை தவறிற்று, அத்தவறுகளைத் தாங்கியவர் யாவர் என்று எவரும் வினவுவதில்லை.

மருத்துவம் பயிலும் மாணவர், மனித உடம்பிலுள்ள 206 எலும்புகளின் பெயர்களையும் சில நாள்களில் மனப்பாடம் செய்துவிடலாம். கண்ணும் நாவும் விரைந்து கற்கும். கையோ அவ்வளவு விரைவில் கற்பதில்லை. சோதனைக்காகச் சிறிது குருதி எடுத்தல் என்னும் எளிய தொழிலை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் இதனினும் சிறிய வேலை ஒன்றும் இல்லை என்று பலரும் நினைப்பர். அதனுள் எத்தனை நுட்பங்கள் அடங்கியுள்ளன!

முதலில் கைகளைக் கழுவுதல் வேண்டும். பின்னர் நோயாளியிடம், "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டல் வேண்டும். "நீங்கள் முத்துசாமிதானே?" என்று கேட்டல் கூடாது. அச்சத்தில் இருப்பவரும் செவி மந்தமானவரும் எதற்கும் "ஆம்" என்று தலையசைத்து விடுவர். ஒருவர் குருதி மற்றொருவர் பெயரால் சோதனைக்குச் சென்றுவிடும். அதன்பின் முழங்கைக்கு நான்கு விரற்கிடை மேலே பட்டை கட்டி, முழங்கையின் உட்புற மடிப்பில் சிரையைத் தேடுதல் வேண்டும். தேடுவது கண் அன்று, விரல். கண்ணுக்கு நீலமாகத் தோன்றும் சிரையைவிட, விரலுக்குத் தட்டுப்படும் சிரையே நம்பத் தக்கது. விரல் அழுத்தினால் தாழ்ந்து, விட்டால் மெத்தென்று எழுவது சிரை. துடிப்பது தமனி, அதனைத் தொடலாகாது. கயிறுபோல் விறைத்திருப்பது தசைநாண். இம்மூன்றின் வேறுபாட்டை எந்த நூலும் விரலுக்குச் சொல்லித் தர இயலாது.

ஸ்பிரிட்டு தடவியபின் அது உலரும்வரை அரை நிமிடம் பொறுத்தல் வேண்டும். ஈரம் உலருமுன் குத்தினால் எரிச்சல் உண்டாகும்; கிருமியும் முற்றும் அழியாது. ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கி இருக்க, 30 பாகைக்கு மிகாத சாய்வில் அதனைச் செலுத்துதல் வேண்டும். வேண்டிய குருதி வந்ததும் முதலில் பட்டையை அவிழ்த்து, அதன் பின்னரே ஊசியை எடுத்தல் வேண்டும். முறை மாறினால் தோலின் கீழ்க் குருதி கசிந்து கன்றிப் போகும். பஞ்சை வைத்தவுடன் முழங்கையை மடக்கிக்கொள்வது பலர்க்கும் வழக்கமாக உள்ளது. அது நன்றன்று, கையை நீட்டியவாறே அழுத்திப் பிடித்தலே முறை. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போட முயல்வோர் தம் விரலையே குத்திக்கொள்வதுண்டு. ஆதலின் அதனை மூடாமல், அதற்கென வைத்துள்ள வெள்ளைப் பெட்டியில் உடனே இட்டுவிடல் வேண்டும்.

இத்தனையையும் மாணவர் எங்கே பழகுவது? ஒருமுறை பார்த்தல், மறுமுறை செய்தல், மூன்றாம் முறை பிறர்க்குக் கற்பித்தல் என்பதே மருத்துவக் கல்லூரிகளில் நெடுங்காலம் இருந்த வழக்கம். கேட்பதற்குச் சுருக்கமாகவும் வீரமாகவும் உள்ளது. ஆனால் அந்த "மறுமுறை" யாருடைய கையில்? பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் பொது வார்டில், மறுத்துரைக்க அஞ்சிய ஏழை ஒருவரின் கையில்தான். காசு கொடுத்துத் தனி அறையில் படுத்திருந்தவரிடம் முதல் ஊசியோடு மாணவர் சென்றது அரிது.

இதற்கு வேறு வழி இல்லையா என்னும் வினா புதியதன்று. வடமொழியில் உள்ள சுசுருத சங்கிதை என்னும் பழைய மருத்துவ நூல் இதற்கெனவே ஓர் இயலை ஒதுக்கியுள்ளது. அறுவைத் தொழில் பயில்வோர் முதலில் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களை அறுத்துப் பழக வேண்டும் என்கிறது அது. நீர் நிரம்பிய தோற்பையைக் கீறிப் பழகுதல், மயிர் அடர்ந்த தோலைச் சுரண்டிப் பழகுதல், புழு அரித்த மரத்துளையில் சலாகை செலுத்திப் பழகுதல், துணியின் ஓரங்களையும் மெல்லிய தோலையும் தைத்துப் பழகுதல், மனித உருவில் அமைத்த பாவையின்மேல் கட்டுக் கட்டிப் பழகுதல் என்று அது ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு பொருளைச் சொல்கிறது. சிரையைத் துளைத்துப் பழகுவதற்கு அது கூறும் பொருள்கள் இறந்த விலங்கின் சிரைகளும் தாமரைத் தண்டுமாகும். தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தவர்க்கு இதன் பொருத்தம் விளங்கும். வெளியே மெல்லிய தோல்; உள்ளே நுண்ணிய குழாய்கள். குளக்கரைதோறும் கிடைக்கும் ஒரு தண்டில் மனிதச் சிரையின் இயல்பைக் கண்டவர் நுனித்தறியும் ஆசிரியராகவே இருந்திருத்தல் வேண்டும். எல்லா நூலும் கற்றிருப்பினும் கைத்தொழில் பழகாதவன் மருத்துவத்திற்குத் தகுதியற்றவன் என்பதும் அந்நூலின் கருத்து.

பிற்காலத்தில் பிரான்சு நாட்டில் து கூத்ரே என்னும் அம்மையார் இவ்வழியிலேயே சென்றார். அவர் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி. நாட்டுப்புறங்களில் பயிற்சியற்ற கைகளால் தாயும் சேயும் மாண்டு வந்த காலம் அது. 1759ஆம் ஆண்டில் பதினைந்தாம் லூயி மன்னர், ஊர்ஊராகச் சென்று பெண்களுக்கு அக்கலையைக் கற்பிக்குமாறு அவரைப் பணித்தார். எழுத்தறியாத பெண்களுக்கு நூலால் என்ன பயன்? துணியும் தோலும் பஞ்சும் கொண்டு, தாயின் இடுப்பளவு பாவை ஒன்றையும் குழந்தைப் பாவை ஒன்றையும் அவர் அமைத்தார். குழந்தை எவ்வாறு திரும்பியிருந்தால் கையை எவ்வாறு கொண்டுசெல்வது என்பதை அப்பெண்கள் அதில் செய்து செய்து கற்றனர். அப்பாவைகளுள் ஒன்று ரூவான் நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை வணிகர் லேர்டால் என்பவர், 1960ஆம் ஆண்டில் நெஞ்சை அழுத்தியும் மூச்சை ஊதியும் உயிர் மீட்கப் பழகுவதற்கு ஒரு பொம்மையைச் செய்து தந்தார். இந்தியாவில் 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், இத்தகைய பொம்மைகள் கொண்ட பயிற்சிக்கூடம் மருத்துவக் கல்லூரிகளில் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. காலந்தாழ்ந்து வந்த விதியே எனினும் வரவேற்கத் தக்கது.

பழகாத கை வலியை மட்டும் தருவதன்று, உயிரையும் வாங்கும். இதற்கு வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையின் வரலாறே சான்று. அங்கே பேறுகாலப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சியர் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் மாண்டனர். இரண்டாம் பிரிவிலோ நூற்றுக்கு மூவரினும் குறைவு. முதற்பிரிவில் சேர்க்க வேண்டா என்று கர்ப்பிணிப் பெண்கள் மண்டியிட்டு மன்றாடினர். காரணம் யாது என்று ஒருவர்க்கும் விளங்கவில்லை. 1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொலெட்ச்கா என்னும் பேராசிரியர், பிணச்சோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி தம் விரலில் பட்டு, அத்தாய்மாருக்கு வந்தது போன்ற காய்ச்சலால் இறந்தார். அவருடைய நண்பர் செம்மல்வைசு என்னும் இளமருத்துவருக்கு அப்போது உண்மை புலனாயிற்று. பிணச்சோதனைக் கூடத்திலிருந்து நேரே வந்து தாய்மாரைத் தொட்ட மாணவர்களின் கைகளே நஞ்சைச் சுமந்து வந்தன! மருத்துவச்சியர்க்குப் பிணச்சோதனை இல்லை. அதனால் அவர்தம் பிரிவில் சாவு குறைந்திருந்தது. குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவியே உள்ளே வர வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். 1848ஆம் ஆண்டில் முதற்பிரிவின் சாவு நூற்றுக்கு ஒன்றரையினும் கீழே இறங்கிற்று. அம்மாணவர்கள் தீயவர் அல்லர். கற்கும் ஆர்வம் மிக்கவர்கள். அவர்களுக்கு எல்லாம் கற்பித்தவர்கள், கை கழுவக் கற்பிக்கவில்லை. இன்று பயிற்சிக்கூடத்தில் முதற்பாடம் கை கழுவுதலாக இருப்பது இதனாலேயே. மாணவர் சிலர் அதனைச் சிறுபிள்ளைப் பாடம் என்று கருதி முகஞ்சுளிப்பர். வியன்னாவின் கணக்கைக் கேட்டபின் சுளிப்பதில்லை.

பொம்மை நல்ல ஆசிரியர். ஆனால் ஊமை ஆசிரியர். ரப்பர்த் தோலும் அதனுள் சிவந்த நீர் ஓடும் குழாயும் கொண்ட பொம்மைக் கையை நூறு முறை குத்தலாம். அது கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளாது. ஊசியைக் கண்டு அதற்கு வியர்ப்பதில்லை. நெஞ்சப் பொம்மையை 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தினால், அழுத்தியது சரி என்று அது ஓர் ஒலியால் அறிவிக்கும். உயிருள்ள நெஞ்சு அவ்வாறு அறிவிப்பதில்லை.

மற்றொன்றும் உண்டு. நோயாளி தன் மொழியில்தான் நோவான். குத்துகிறது, கடுக்கிறது, குடைகிறது, எரிகிறது, விண்விண் என்று தெறிக்கிறது என்று தமிழில் வலிக்கு எத்தனையோ சொற்கள் உள்ளன. அவை ஒரு பொருட் சொற்கள் அல்ல; ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயைச் சுட்டும் குறிப்பு. ஆங்கிலத்தில் பாடம் படித்த மாணவர் இவற்றை வார்டில்தான் கற்க வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியின் மொழியே மருத்துவரின் மொழியாகவும் இருத்தல் நன்று என்று கருதிய அம்மருத்துவரை இன்று நினைப்பார் சிலரே.

ஆகவே எத்துணைப் பொம்மைகள் இருப்பினும், ஒருநாள் மாணவர் உயிருள்ள கையைத் தொட்டே ஆக வேண்டும். அந்நாளில் செய்யத் தக்கது உண்மையைச் சொல்லி இசைவு கேட்டல். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, எல்லாம் அறிந்தவர்போல் நடித்துக் குத்துதல் ஒருவகைக் களவே.

அரசு மருத்துவமனை ஒன்றில், மாணவி ஒருத்தி ஒரு மூதாட்டியின் கட்டிலருகே சென்று நின்றாள். பின்னால் ஆசிரியர் நின்றார்.

"பாட்டி, சோதனைக்குக் கொஞ்சம் இரத்தம் எடுக்க வேண்டும். நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். பொம்மைக் கையில் பலமுறை பழகியிருக்கிறேன். மனிதர் கையில் இதுவே முதல் தடவை. உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் எங்கள் ஆசிரியரே எடுப்பார்" என்றாள்.

மூதாட்டி அவளையும் ஆசிரியரையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்படியானால் இந்தக் கை வேண்டாம், அம்மா. நேற்று இரண்டு பேர் இதில் தேடித்தேடிச் சலித்துப் போனார்கள். அந்தக் கையில் பார்" என்று மற்றக் கையை நீட்டினார்.

முதியோரின் சிரை தோலின்கீழ் நழுவும் இயல்புடையது. முதல் முறை ஊசி உள்ளே சென்றது, குருதி வரவில்லை. மாணவியின் முகம் வெளுத்தது. ஆசிரியரின் கைகளோ முதுகுப்புறம் கட்டியபடியே இருந்தன. நொடிப்பொழுதில் தாமே முடித்துவிடக் கூடிய வேலையை, மாணவர் தடுமாறும்போதும் தொடாமல் நிற்றல் கற்பிப்போர்க்குக் கடினமான பயிற்சி. எங்கே தொடாமல் நிற்பது, எங்கே கை கொடுப்பது என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். அவர் வகுத்திருந்த எல்லை இரண்டு: ஒருவர் ஒரு நோயாளியை இருமுறைக்கு மேல் குத்தலாகாது, மூன்றாம் முறை அவருடையது.

"ஊசியை எடுத்துப் பஞ்சால் அழுத்து. புது ஊசி எடுத்துக்கொள். இந்த முறை இடக்கைக் கட்டைவிரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடி, சிரை நகராது" என்றார் ஆசிரியர்.

அவள் மீண்டும் பட்டை கட்டினாள், விரலால் தேடினாள், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தேடினாள். ஸ்பிரிட்டு உலரும்வரை காத்திருந்தாள். தோலை இழுத்துப் பிடித்துக் குத்தினாள். குழாயில் குருதி ஏறிற்று. பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, வெள்ளைப் பெட்டியில் இட்டு, கட்டிலருகிலேயே நின்று குழாயின்மீது பெயரை எழுதினாள். மூதாட்டி கையை மடக்கப் போனார். அவள் மெல்ல அதனை நீட்டி, பஞ்சின்மேல் தன் விரலை வைத்துக்கொண்டாள்.

அடுத்த கட்டிலில் இருந்த பெண், "வலித்ததா?" என்று மூதாட்டியைக் கேட்டாள்.

"முதல் தடவை வலித்தது. இரண்டாவது தெரியவே இல்லை" என்றார் அவர்.