இலவசமும் பொதுவும்

‘இலவசம்’ என்ற சொல்லுக்கு எங்கள் நாட்டிலே ஒரு வரலாறு உண்டு. 1945ஆம் ஆண்டிலே, கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் விடாமுயற்சியால், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூல்களும் விலையின்றி வழங்கப்படலாயின. மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு நெடுங்காலம் முழுமையாகத் திறக்கப்படவில்லை என்பதை மறைத்தலாகாது. ஆயினும், கமக்காரன் மகன் மருத்துவனாகவும், மீனவன் மகள் பொறியியலாளராகவும் வழி சமைத்தது அந்த ஏற்பாடே. அதற்கான பணத்தை வள்ளல் எவரும் தந்துவிடவில்லை. சீனி வாங்கியவனும் சேலை வாங்கியவளும் கட்டிய வரியே அதைத் தாங்கியது. ஆகவே அதனைத் தானம் என்று எவரும் சொல்லத் துணிவதில்லை; உரிமை என்றே சொல்கிறோம்.

இன்று அதே சொல் வேறொரு திசையிலிருந்து எங்கள் வகுப்பறைக்குள் நுழைகிறது. இணையத்திலே ஆசிரியருக்கென்று ஆயிரம் கருவிகள். எல்லாவற்றின் நெற்றியிலும் ‘இலவசம்’ என்ற முத்திரை. கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமப் பாடசாலை ஒன்றிலே விஞ்ஞானமும் கணிதமும் கற்பிப்பவன் நான். சில ஆண்டுகளாக இக்கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழகி வருகிறேன். பழகப் பழக என் மனத்தில் எழுந்த கேள்வி இது: கன்னங்கராவின் இலவசமும் இந்த இலவசமும் ஒன்றுதானா?

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். தரம் பத்து மாணாக்கருக்கு மின்சுற்றைக் கற்பிக்க நான் நின்றபோது எங்களிடம் இருந்தது அம்பியர்மானி ஒன்று; அதன் முள்ளும் அசைவதில்லை. கரும்பலகையிலே கோடு கீறி, “இதுதான் மின்கலம், இதுதான் குமிழ்” என்று சொல்லிக் கொடுத்து வந்தோம். நீந்தாமலே நீச்சல் கற்பிப்பது போன்ற வேலை அது. அந்த நிலையிலேதான் ‘ஃபெட்’ என்னும் கருவித் தொகுதி என் கைக்கு வந்தது. 2001ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்திலே 2002இல் தொடக்கிய முயற்சி அது. திரையிலே கம்பியை இழுத்து மின்கலத்தோடு பிணைத்தால் குமிழ் எரிகிறது. மின்கலங்களைக் கூட்டினால் ஒளி ஏறுகிறது. குறுக்கே கம்பியைப் போட்டால் தீப்பற்றுகிறது. வாய் திறக்காத பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி அன்று எழுந்து, “சேர், இரண்டு குமிழையும் பக்கத்தில் பக்கத்தில் இணைச்சால் ஏன் வெளிச்சம் குறையேல்லை?” என்று கேட்டாள். பத்து ஆண்டு ஆசிரியத் தொழிலிலே அக்கேள்வியை நான் கேட்டுப் பெற்றதில்லை. அது தானாக வந்தது. இதிலே இன்னுமொரு சிறப்பு உண்டு. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே இது இயங்கும்.

கேத்திரகணிதத்துக்கு ‘ஜியோஜிப்ரா’ வாய்த்தது. ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவர் 2001இல் தம் ஆய்வுக்காகத் தொடங்கிய கருவி அது. வட்ட நாற்பக்கலின் உச்சி ஒன்றைப் பிடித்து வட்டத்தின் வழியே இழுத்தால், கோணங்கள் மாறிக்கொண்டே போகின்றன. எதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையை விட்டு அசைவதில்லை. மனனம் செய்த தேற்றம் கண்ணெதிரே நடக்கிறது.

இந்த இடத்திலே மகிழ்ந்து நின்றுவிடலாம். ஆனால் கதை மேலும் நடக்கிறது. 2021இன் இறுதியிலே அந்தக் கருவியின் நிறுவனத்தை இந்தியாவின் ‘பைஜூஸ்’ என்னும் கல்வி வணிகக் கம்பனி விலைக்கு வாங்கிற்று. 2024இலே வாங்கிய கம்பனியே கடன் தீர்க்க இயலாது நொடிப்பு வழக்கிற்குள் வீழ்ந்தது. கருவி இன்றும் இயங்குகிறது. ஆசிரியருக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும், எங்கோ ஒரு பங்குப் பேரத்தில் எங்கள் வட்ட நாற்பக்கலும் கைமாறிற்று என்பதை எங்களுக்கு எவர் சொன்னார்? கூகிள் நிறுவனம் ‘ஜாம்போர்ட்’ என்ற இணையக் கரும்பலகையை நடத்தி வந்தது. பல நாடுகளின் ஆசிரியர்கள் அதிலே பாடம் வரைந்தனர். 2024 டிசம்பர் 31இல் அது மூடப்பட்டது. கரும்பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போக அதிபருக்கும் அதிகாரமில்லை. இந்தக் கரும்பலகையை உடையவன் நினைத்தால் ஒரே நாளிற் போய்விடுகிறது.

வன்னியிலே ஆசிரியனாயிருப்பவனுக்கு இது வெறும் தத்துவப் பிரச்சினை அன்று. எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர், இருபது ஆண்டு காலம் எழுதிய பாடக்குறிப்புகளை யூரியாப் பை ஒன்றிலே கட்டி, 2009இலே இடம்பெயர்ந்த வழியெல்லாம் சுமந்தார். மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையிலே எங்கோ அந்தப் பை போயிற்று. மெனிக் பாம் முகாமிலே கூடாரத்தின் கீழ் அவர் மறுபடியும் முதலாம் பாடத்திலிருந்து எழுதத் தொடங்கினார். ஒரே இடத்திலே, ஒருவர் கையிலே இருப்பது எதுவும் நிலையானதன்று என்ற பாடத்தை நாங்கள் புத்தகத்திற் படிக்கவில்லை.

செலவை யார் கொடுக்கிறார் என்பதையும் பார்ப்போம். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி கைத்தொலைபேசிக்குக் குடிபெயர்ந்தது. எங்கள் வகுப்பிலே பல வீடுகளுக்கு ஒரே தொலைபேசி. அதுவும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தாயின் கையில். அவர் வேலை முடிந்து வந்த பின்னரே பிள்ளைக்குப் பாடம். இரவு ஒன்பது மணிக்கு எனக்கு வந்த விடைத்தாட் படங்கள் அந்தத் தாய்மாரின் உழைப்பு நேரத்தைக் காட்டிய மணிக்கூடுகள். 2021இலே பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள், அலைத்தொடர்பு தேடிக் காட்டு வழியே பாறையுச்சிக்கு ஏறினார்கள். மொழி வேறு, வறுமை ஒன்று. 2022இலே பொருளாதாரம் குப்புற வீழ்ந்தபோது, கடதாசி இன்மையால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அதே ஆண்டில் தொலைபேசிக் கட்டணமும் உயர்ந்தது. கடதாசியும் இல்லை, டேட்டாவும் எட்டாது என்றால், இலவசக் கருவி எவருக்கு இலவசம்? பிள்ளையின் பெயரும் வயதும் பழக்கமும் கம்பனியின் ஏட்டிலே பதிவாவது இதற்கு மேலே செலுத்தும் விலை.

அப்படியானால் இவற்றை விலக்கிவிட வேண்டுமா? அந்த முடிவு அறிவுக்குப் பொருந்தாது. விலையில்லாதது வேறு, பொதுவானது வேறு என்று பிரித்தறிவதே எங்கள் வேலை. 1983இலே அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளுக்கென ஓர் இயக்கத்தை அறிவித்தார். ஆங்கிலத்திலே விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். அதனால் அவர்கள் இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று வேறு பெயரே வைத்துவிட்டோம்.

தமிழர் தாமே கூடி எழுப்பிய பொதுச் சொத்துகளும் உண்டு. 1998இலே மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு உலகுக்கு வழங்கத் தொடங்கியது. 2003இலே தமிழ் விக்கிப்பீடியா கால்கொண்டது. அதனை நிலைநிறுத்தியவர்களுள் முதல்வர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். 1981இலே யாழ். பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்ததைக் கண்ட சமுதாயத்திலே, 2005இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் பிறந்தது. அதிலுள்ள ஆவணங்கள் இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஓரிடத்தில் எரித்தாலும் அழியாத நூலகம் அது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள், கணினியைத் திறந்தால் புரியாத எழுத்துக் குவியலாய் நிற்கும். சுரதா யாழ்வாணன் ஆக்கிய எழுத்துரு மாற்றியில் இட்டால் மறுகணமே தமிழாகிவிடும். எங்கள் பகுதி ஆசிரியர்கள் அதற்கு எத்தனை மாலைப்பொழுதுகள் கடமைப்பட்டிருக்கிறோம்! ‘கிவிக்ஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருளால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு பென்டிரைவில் அடக்கி, இணையம் எட்டாத பாடசாலைக்கும் சட்டைப்பையிலே கொண்டுபோகலாம்.

பொதுவானதிலே இன்னொரு வசதி, எங்கள் சொல்லை நாங்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது. இணையத்திலுள்ள தமிழ்ப் பாடங்களிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டு வழக்கில் உள்ளன. எங்கள் பிள்ளை பாடநூலிலே ‘ஒட்சிசன்’, ‘இழையம்’, ‘இரசாயனவியல்’ என்று படித்துவிட்டு, திரையிலே ‘ஆக்சிஜன்’, ‘திசு’, ‘வேதியியல்’ என்று கண்டு திகைக்கிறாள். பூட்டிய கருவியிலே அதனை மாற்ற வழியில்லை. மொழிபெயர்க்கவும் திருத்தவும் இடந்தரும் கருவியிலோ, இரு வழக்கையும் அருகருகே எழுதிவிடலாம்.

ஆகவே புதிய கருவி எது வந்தாலும் நான் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். இணையம் அறுந்தாலும் இது வேலை செய்யுமா? எங்கள் சொல்லையும் பாடத்தையும் இதில் சேர்க்கவும், சேர்த்ததை எடுத்துச் செல்லவும் முடியுமா? இதை மூடும் அதிகாரம் யார் கையில்? கேட்டவுடன் பாடக்குறிப்பு எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே கேள்விகள்தாம்.

ஆனால் தனியொரு ஆசிரியனின் எச்சரிக்கை போதாது. கேரள அரசு 2001இலே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, பின்னர் பாடசாலைக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது; ஆசிரியர்களுக்கு அதிலே பயிற்சியும் அளித்தது. எங்களாலும் முடியாததன்று. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையையும் விழுங்கிய அந்த நாட்களிலே, இலங்கை இளைஞர்கள் நிவாரணப் பணிக்கென ‘சகனா’ என்ற கட்டற்ற மென்பொருளை ஆக்கினார்கள். பின்னர் பல நாடுகளின் பேரிடர்களிலே அது உதவிற்று. அழிவின் நடுவே அதைச் செய்ய முடிந்த நாட்டுக்கு, பாடசாலைகளுக்கென ஒரு பொதுப் பாடக் களஞ்சியம் அமைப்பதா கடினம்?

ஆசிரியர் சங்கங்கள் சம்பள உயர்வோடு இதனையும் கோரிக்கையாக்க வேண்டும். கல்விக்கான இணையப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கூடாது. வரிப்பணத்தில் ஆக்கிய பாடங்கள் எல்லாம் எவரும் திருத்திப் பகிரும் உரிமையோடு வெளிவர வேண்டும். அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் தாம் நன்கு ஆக்கிய ஒரு பாடத்தையேனும் பொதுவிலே வைக்கட்டும். ஒருவரின் பையிலே இருந்தால் அது தொலையும். ஆயிரம் பேரின் கையிலே இருந்தால் எந்தக் கடலும் அதனைக் கொண்டுபோகாது.