கோட்டுக்கு வெளியே நிற்பவர்

மின்கடிகாரத்தில் 2.1 என்று போட்டுவிட்டு, பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக் காத்திருந்தாள் என் அக்கா மகள். பிலடெல்பியாவில் அவள் படிக்கும் கல்லூரியின் உள்ளரங்கு அது. ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு மாணவ மேலாளர்களாக இருப்பவர்களில் அவளும் ஒருத்தி. தரையில் விழுந்த வியர்வையைத் துடைப்பது, தண்ணீர் கொடுப்பது, வீடியோ எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. பயிற்சியின் கடைசிப் பகுதியில் கடிகாரம் அவள் பொறுப்பு. அணியின் உத்தி வெளியே போய்விடக் கூடாது என்பதால் கல்லூரியின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போனேன். "பக்கத்துலயே உக்காருங்க மாமா. ஆனா பேச்சுக் குடுக்காதீங்க" என்றாள்.

அன்று மாலை முழுக்க ஒரே கணக்குதான். நாம் ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ முன்னால் இருக்கிறோம், இல்லாவிட்டால் சமநிலை. பந்து எதிரணியிடம். மிச்சம் இருப்பது சில நொடிகள். எப்படித் தடுப்பது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்தக் கேள்வி உயிர்க்கேள்வி. மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டியில் ஒருமுறை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சரிக்கட்ட இன்னோர் ஆட்டம் கிடையாது. இறுதியாண்டு மாணவர் பலருக்கு அதுவே வாழ்நாளில் ஆடும் கடைசிப் பெரிய ஆட்டம். அதனால்தான் சில நொடிகளுக்காக இத்தனை மணி நேரம் பழகுகிறார்கள்.

முதல் சுற்றில், பந்தை உள்ளே போடுபவருக்கு முன்னால் ஆள் நிறுத்தவில்லை. அவர் பேஸ்லைனுக்கு வெளியே நின்று இரண்டு எட்டு வைத்து, பந்தைத் தோளுக்குப் பின்னால் இழுத்து ஒரே கையால் வீசினார். கோர்ட்டின் நீளம் 94 அடி. அதில் முக்கால்வாசியைக் காற்றிலேயே கடந்து, எதிர்ப்பக்க ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்து இறங்கியது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2.1 அசையவே இல்லை. உள்ளே நிற்கும் ஒருவர் கை பட்ட பிறகுதான் அது ஓட வேண்டும் என்பது விதி. ஆக அந்த எழுபது சொச்சம் அடியும் எதிரணிக்கு இனாம். பிடித்தவர் ஒருமுறை தரையில் தட்டி, திரும்பி, எழும்பி எறிந்தார். போர்டைச் சுற்றியுள்ள சிவப்பு விளக்கு எரிவதற்குள் பந்து அவர் கையை விட்டுப் போயிருந்தது.

பயிற்சியாளர் விசில் அடித்தார். ஷாட் அடித்தவரைக் காத்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். பயிற்சியாளர் அவனிடம் போகவே இல்லை. நேரே பேஸ்லைனுக்கு நடந்து, எறிந்தவருக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். "தவறு இங்கே நடந்தது" என்றார்.

அடுத்த சுற்றில் ஆறடி பத்து அங்குலப் பையன் ஒருவனை அங்கே நிறுத்தினார். நான் எழுந்து அந்த மூலைக்குப் போய்விட்டேன். அருகில் நின்றால்தான் அது எவ்வளவு பெரிய தடை என்று தெரிகிறது. அவன் கைகளை உயர்த்திக்கொண்டு சும்மா நிற்கவில்லை. பந்து எந்தப் பக்கம் போனாலும் உள்ளங்கைகள் கூடவே போயின. எறிபவர் இடப்பக்கம் ஓடினார், இவனும் ஓடினான். கூடை விழுந்த பிறகு பந்தை உள்ளே போடுபவர் பேஸ்லைன் நெடுக ஓடலாம் என்பதால் அந்த ஓட்டத்துக்குத் தடையில்லை. உதவிப் பயிற்சியாளர் நடுவரைப் போலக் கையை வீசி எண்ணிக்கொண்டிருந்தார்: ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து நொடிக்குள் போடாவிட்டால் பந்து பறிபோகும். நான்கில் எறிந்தார். நீண்ட கைகளுக்கு மேலே போக வேண்டுமே என்று பந்தை வானத்துக்குத் தூக்கியதில், அது இறங்க நேரம் பிடித்தது. இறங்குவதற்குள் கீழே மூன்று பேர் கூடிவிட்டார்கள். யார் கையிலோ பட்டு, எகிறி, கடிகாரம் ஓடி முடிந்தது.

இதைப் பார்க்க எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அன்று காலைதான் நகரின் தெற்கே பிராட் தெருவில் விளையாட்டு அரங்குகள் கூடியிருக்கும் பகுதிக்குப் போய், ஸ்பெக்ட்ரம் அரங்கு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 2010இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இப்போது அங்கே உணவு விடுதிகளும் கார் நிறுத்துமிடமும். 1992 மார்ச் 28 அன்று டியூக்கும் கென்டக்கியும் மோதியது அந்த அரங்கில்தான். கல்லூரிக் கூடைப்பந்தின் மிகச் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் பலர் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

டியூக் முந்தைய ஆண்டின் சாம்பியன். கென்டக்கியோ விதிமீறலுக்காக இரண்டு ஆண்டு தேசியப் போட்டியில் கால் வைக்க முடியாமல் இருந்துவிட்டு அப்போதுதான் மீண்டிருந்த அணி. தடைக்காலத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விடாமல் காத்திருந்த நான்கு இறுதியாண்டு மாணவர்கள் அதில் இருந்தார்கள். 93-93 என்று சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது ஆட்டம். அந்த நால்வரில் ஒருவரான ஷான் வுட்ஸ் போர்டில் பட்டு விழச் செய்த பந்தால் கென்டக்கி 103-102 என முன்னேறியது. மிச்சம் 2.1 நொடி. டியூக்கின் கிராண்ட் ஹில் பேஸ்லைனுக்கு வெளியே நின்றார். அவர் முன்னால் யாரும் இல்லை. கென்டக்கிப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ, டியூக்கின் கிறிஸ்டியன் லேட்னர் மேல் இரண்டு பேரை வைத்துவிட்டார். ஹில் எறிந்த பந்து கோர்ட்டின் முக்கால்வாசி தூரம் பறந்து வந்தது. லேட்னர் கூடைக்கு முதுகு காட்டி அதைப் பிடித்தார். ஒருமுறை தட்டினார், வலப்பக்கம் போக்குக் காட்டினார், இடப்பக்கம் திரும்பி எறிந்தார். 104-103. அன்று களத்திலிருந்து பத்துக்குப் பத்து, ஃப்ரீ த்ரோவிலும் பத்துக்குப் பத்து அவர்.

பிட்டினோவைக் குறை சொல்லாதவர் குறைவு. நான் அவர் பக்கத்தையும் பார்க்கிறேன். அணியில் அதிகப் புள்ளி எடுத்த ஜமால் மாஷ்பர்ன் ஐந்தாவது ஃபவுலோடு வெளியே உட்கார்ந்திருந்தார். லேட்னரின் உயரம் ஆறடி பதினொன்று. அவரைத் தனியாளாகச் சமாளிக்கக்கூடியவர் களத்தில் இல்லை. இரண்டு பேரை அனுப்பியது பயந்து செய்த காரியம் அல்ல, யோசித்துச் செய்தது. ஆனால் அந்த இருவரும், ஃபவுல் ஆகிவிடுமோ என்று கடைசி நேரத்தில் கையை இழுத்துக்கொண்டார்கள். இருவரை வைத்தும், அந்த இருவரையும் தொடாமல் நிற்க வைத்ததில்தான் கணக்கு உதைக்கிறது. தண்ணீர் இடைவேளையில் பயிற்சியாளரிடம் கேட்டேன்: நீங்களாக இருந்தால்? "ஹில்லுக்கு முன்னால் ஆள் நிறுத்தியிருப்பேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்போது சொல்வது எளிது. அன்று எனக்கும் லேட்னர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்திருப்பார்" என்றார்.

ஆள் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1998 மார்ச் 13 அன்று ஓக்லஹோமா சிட்டியில், வால்பரைசோவின் ஜேமி சைக்ஸுக்கு முன்னால் மிசிசிப்பிப் பல்கலைக்கழக வீரர் ஒருவர் இருக்கத்தான் செய்தார். சைக்ஸ் எறிவதுபோல் பாவனை காட்டியதும் அவர் குதித்தார். இறங்குவதற்குள் நிஜப் பந்து பறந்துவிட்டது. அதைக் குதித்துப் பிடித்தவர் அப்படியே பிரைஸ் ட்ரூவிடம் தள்ளிவிட, மூன்று புள்ளி. 70-69. இந்த அணியிலும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: பந்து கையை விடும்வரை பாதம் தரையிலேயே இருக்கட்டும்.

எறிபவரின் ஆபத்து எறிந்ததோடு தீர்வதில்லை என்பது அடுத்த பயிற்சியில் புரிந்தது. சமநிலை, 4.7 நொடி. பந்தை உள்ளே போட்டவரே பின்னாலேயே ஓடிவர, பந்து கொண்டுபோனவர் அவரிடம் திருப்பிக் கொடுக்க, எறிபவரைக் காக்க வேண்டிய பையன் அதற்குள் பந்தின் பக்கம் ஈர்க்கப்பட்டுப் போயிருந்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருக்கும் வில்லனோவா 2016 ஏப்ரல் 4 அன்று ஹூஸ்டனில் கோப்பையை வென்றது அப்படித்தான். நார்த் கரோலினாவின் மார்கஸ் பெய்ஜ் காற்றில் உடலை முறுக்கி அடித்த மூன்று புள்ளியால் 74-74. வில்லனோவாவின் கிரிஸ் ஜென்கின்ஸ் பந்தை உள்ளே போட்டுவிட்டுப் பின்னால் நடந்து வந்தார், பிறகு ஓடி வந்தார். ரயன் ஆர்ச்சிடியாகனோ பந்தைக் கொண்டுபோய் எல்லாருடைய கண்ணையும் தன் மேல் இழுத்துக்கொண்டு, ஜென்கின்ஸிடம் தட்டிவிட்டார். 77-74. தொலைக்காட்சியில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதே தப்பு பத்தடி தூரத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு நேரும்போதுதான் அது எவ்வளவு இயல்பானது என்று தெரிந்தது. பந்து ஓடும் பக்கம் கால் தானாகப் போகிறது. போகாமல் நிற்பதற்குத்தான் பயிற்சி.

டிரிபிள் செய்துகொண்டே முழு நீளமும் ஓடிவருபவரைத் தடுப்பதற்கு இன்னொரு சுற்று வைத்தார்கள். 1995இல் போய்சியில் யூசிஎல்ஏவின் டைஸ் எட்னி 4.8 நொடியில் கோர்ட்டின் நீளத்தைக் கடந்து மிசௌரியை 75-74 என்று வீழ்த்தியதால் எல்லாப் பயிற்சியாளர்களின் நினைவிலும் நிற்கும் பாடம் அது. நேராக ஓடவிட்டால் 4.8 நொடி தாராளம். ஒருமுறை பக்கவாட்டில் திருப்பிவிட்டால் போதாது. இரண்டு முறை திருப்பிவிட்டால் நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டிய இடத்திலிருந்தே எறிய வேண்டியிருக்கும். பையன்கள் மார்பை முன்னால் நிறுத்தி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பழகினார்கள், கை நீண்டு ஃபவுல் ஆகிவிடக் கூடாதென்று.

ஃபவுல் பயம் காரணமில்லாத பயமல்ல. 2019 அரையிறுதியில் ஆபர்ன் 62-60 என முன்னால். 0.6 நொடி மிச்சமிருக்க, மூலையிலிருந்து எறிந்த கைல் கை என்ற வர்ஜீனியா வீரர் மேல் ஆபர்ன் வீரர் மோதிவிட்டார். மூன்று ஃப்ரீ த்ரோவும் உள்ளே; 63-62. எறிபவர் இறங்க இடம் விட வேண்டும், ஆனால் அவர் கண்ணுக்கு எதிரே கை இருக்க வேண்டும். இந்த அரங்கில் அதற்கு ஒரே கட்டளை: கை மேலே, கால் பின்னாலே.

மூன்று புள்ளி முன்னால் இருந்தால்? அப்போது வேண்டுமென்றே ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டும் கொடுப்பதா, மூன்று புள்ளி ஷாட்டுக்கு விட்டுவிட்டுக் காப்பதா என்ற சண்டை பயிற்சியாளர்களுக்குள் ஓய்ந்ததில்லை. 2008 இறுதியாட்டத்தில் மெம்ஃபிஸ் 63-60 என்று முன்னால் இருந்தபோது ஃபவுல் செய்யத்தான் பார்த்தது. நடுவர் விசில் அடிக்கவில்லை. 2.1 நொடி இருக்க கான்சாஸின் மாரியோ சால்மர்ஸ் மூன்று புள்ளி அடித்தார். கூடுதல் நேரத்தில் கான்சாஸ் 75-68. என்னைக் கேட்டால் செய்யலாம், ஆனால் பந்து கொண்டுவருபவர் தூரத்தில் இருக்கும்போதே, ஷாட்டுக்குக் கை எழுவதற்கு முன்பே, நடுவருக்குத் தெளிவாகத் தெரியும்படி. பாதி மனதோடு செய்த ஃபவுல்தான் எல்லாவற்றையும்விட மோசம்.

ஆண்கள் கிளம்பியதும் அதே தரையில் பெண்கள் அணி இறங்கியது. இங்கே கணக்கே மாறிவிடுகிறது. பெண்கள் கல்லூரி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் கூடை விழுந்த பின் டைம் அவுட் கேட்டால் பந்தை எதிர்ப்பாதிக்கு முன்னகர்த்திக்கொள்ளலாம்; ஆண்கள் ஆட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே எழுபது அடி எறிதல் என்ற பிரச்சினையே பெரும்பாலும் எழுவதில்லை. பந்து பக்கக் கோட்டிலிருந்து, கூடைக்கு வெகு அருகே உள்ளே வருகிறது. எறிபவர் முன்னால் ஆள் நிறுத்தினால் உள்ளே நால்வரை நால்வர் காக்க வேண்டும். வழிமறித்து நிற்கும் ஸ்கிரீனுக்குப் பின்னால் யாராவது மறைந்தாலும் சத்தம் போட்டு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்கள் பயிற்சியைவிட இங்கே குரல் அதிகம் கேட்டது. "மாறு! மாறு!" என்று ஐந்து பேரும் கத்தினார்கள்.

இடையில் ஒரு சுற்றில், 3 நொடி மிச்சமிருக்க எல்லாமே சரியாக நடந்தது. முதல் வழியை அடைத்தார்கள், இரண்டாவதை அடைத்தார்கள். பந்து பெற்றவள் பக்கக் கோட்டோரம் சாய்ந்து, முகத்துக்கு நேரே இருந்த கைக்கு மேலாக எறிந்தாள். உள்ளே விழுந்தது. 2018 ஏப்ரல் 1 அன்று கொலம்பஸில் நோட்ர டேமின் அரிகே ஓகுன்போவாலே இப்படித்தான் 0.1 நொடி மிச்சமிருக்க மிசிசிப்பி ஸ்டேட்டை 61-58 என்று வென்றார்; அவருக்காக வகுத்த திட்டம்கூட அல்ல அது, வேறொருத்திக்கு வகுத்த வழியை எதிரணி மூடிவிட்டதால் அவரிடம் வந்த பந்து. தடுத்த பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் பலகையில் அந்தச் சுற்றைத் தடுப்பு அணிக்கே சாதகமாகக் குறித்துக்கொண்டார். "அந்த ஷாட்டைப் பத்துக்கு இரண்டுதான் போடுவாள். அவளை அங்கேயே தள்ளினாய், சரிதான்" என்று சொல்லிவிட்டு, எறிபவளை இந்த முறை எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அனுப்பினார்.