அறுக்கும் பருவம்

நான் ஒரு கிராணி. ஜொகூரில் குளுவாங்குக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில், வெட்டி வந்த குலைகளை எண்ணுவதும், எண்ணியதைக் கணினியில் ஏற்றுவதும், மாத முடிவில் ஆட்களின் கூலியைக் கணக்கிடுவதுமே என் ஜீவனம். ஆகையால் எது பழுத்தது, எது பழுக்கவில்லை என்பது எனக்கு வேதாந்த விசாரமல்ல, சோற்று விசாரம். அப்படியிருந்தும் சென்ற மாதம் புக்கிட் பாத்தோக்கில் என் அக்காள் மகன் அதே கேள்வியைக் கேட்டபோது எனக்கு நா எழவில்லை.

அக்காள் வீடு எனக்குப் புதிதன்று. பன்னிரண்டு வயது முதல் அங்கே தங்கித்தான் சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். சாளரத்தைத் திறந்தால் பழைய கருங்கல் குழி தெரியும். கல்லை வெட்டியெடுத்த பள்ளத்தில் நீர் நிறைந்து ஏரியாகி, சீன தேசத்துக் குய்லின் மலைகளை ஒத்திருக்கிறதென்று இப்போது குட்டிக் குய்லின் எனப் பெயர் பெற்றுவிட்டது. பாத்தோக் என்றால் தேங்காய் என்பாரும் உண்டு, இருமல் என்பாரும் உண்டு. கல்லுடைக்க வைத்த வேட்டின் ஓசை மலை இருமுவது போல் கேட்டதாம். எது மெய்யோ, அக் குன்றோரத்துப் புதர்களில்தான் சிறு பிராயத்தில் நான் தும்பி பிடித்தேன்.

பையனுக்கு வயது பத்தொன்பது. தேசிய சேவைக்கு அழைப்பு வருமென்று காத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய் வெற்றிலையும் முருங்கைக்காயும் வாங்கி வந்து அக்காள் சமையற்கட்டில் நுழைந்ததும், அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு செடி வெட்டுவதற்குத் தயாராகிவிட்டதென்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

தோட்டத்து வேலையைப் பற்றி மருமகனுக்கு அக்கறை பிறந்துவிட்டதே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. செம்பனையின் சங்கதியை விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினேன். குலையிலிருந்து பத்துப் பழமேனும் உதிர்ந்திருக்க வேண்டும்; அதற்குக் குறைந்தால் அரைப்பழம்; ஒன்றுமே உதிராமல் கருத்து நின்றால் காய். காயை வெட்டினால் எண்ணெய் குறையும். நாள் கடத்தினால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். முப்பதடி உயரத்து மரத்தின் உச்சியை யார் கண்டது? ஆகையால் வெட்டுகிறவன் மேலே பார்ப்பதற்கு முன் கீழே பார்க்கிறான். மரத்தடியில் உதிரி கிடந்தால்தான் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை உயர்த்துகிறான். கண் தவறிக் காயை வெட்டிவிட்டால் அவன் கூலியில் பிடித்தம். அந்தப் பிடித்தத்தை எழுதுகிற கை இந்தக் கைதான் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதில்லை மாமா, இது," என்று கைபேசியை நீட்டினான்.

படத்தில் ஒரு செடி. புதர்களுக்கு நடுவே, இடுப்பளவு உயரம். விரல் விரித்தாற்போன்ற இலை. செடி தன்னுடையதல்ல, நண்பனுடையது என்றான். எங்கே நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. சாளரத்துக்கு வெளியே பார்த்தேன். அவன் தலை குனிந்துகொண்டான்.

அவ்விலையை நான் முதன்முதலில் பார்த்தது பத்து வயதில், எங்கள் லயத்தின் கடைக்கோடியில் மாடு வளர்த்த ஒரு தாத்தாவின் கொட்டகைக்குப் பின்னால். முனியாண்டிக்குப் படைக்க என்று நான்கு செடி வைத்திருந்தார். படைத்தபின் சாமி பிடித்ததா, தாத்தா பிடித்தாரா என்பது லயமறிந்த இரகசியம். செடி சிறிதாயிருந்தவரை ஒருவரும் ஒன்றும் அறியவில்லை. கீழிலைகள் மஞ்சளித்துப் பூங்கொத்து பழுப்பேறத் தொடங்கியதும் ஒரு வாசம் எழுந்தது. மாட்டுச் சாணத்தின் நாற்றத்தையும் மீறி அது லயம் முழுவதும் நடந்தது. பிறகு ரோட்டுக்கும் நடந்தது. நாளை வெட்டலாம் என்று தாத்தா சொன்ன அன்று மாலையே போலீஸார் வந்தனர். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய இரண்டு மாடுகளும் இரவெல்லாம் கத்தியது இன்னும் என் காதிலிருக்கிறது.

இச் செடியின் பருவத்தை அறிவதில் அக்காலத்துச் சர்க்காரை மிஞ்சியவர் ஒருவருமில்லை. வங்காளத்தில் ராஜஷாஹி ஜில்லாவைச் சேர்ந்த நவகாவ் என்ற ஊரில், ஆங்கிலேய ஆட்சியின் அனுமதிச் சீட்டோடு கஞ்சா பயிரிட்டனர். 1877இல் ஹேம் சந்திர கேர் என்ற வங்காள உத்தியோகஸ்தர் அச் சாகுபடியைப் பற்றியே ஓர் அறிக்கை எழுதினார். ஆண் செடியைப் பூப்பதற்குள் கண்டு களைந்தெறிவதற்கென்று கூலிக்கு வரும் நிபுணருக்குக் கஞ்சா டாக்டர் என்றே பெயர். மாசி, பங்குனியில் அறுவடை. அறுத்த சரக்கைச் சர்க்கார் கண்காணிப்பிலேயே நிறுத்துக் கிடங்கில் வைப்பார்கள்; வரி கட்டினால்தான் அது வெளியே போகும். 1893இல் அமைத்த விசாரணைக் கமிஷன், மிதமாக உபயோகிப்போருக்குப் பெருங்கேடில்லை, அடியோடு தடுக்கவேண்டுவதில்லை, வரி விதித்து அடக்கினால் போதுமென்று மறு வருஷம் அறிக்கை தந்தது. 1917இல் நவகாவ் குடியானவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமே கண்டனர். சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் கள்ளோடு பங்கியையும் குத்தகைக்கு விட்டுத்தான் கஜானாவை நிரப்பினார்கள். வரி கொடுத்தவன் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற கூலிக்காரன். அந்தச் சர்க்காரின் ஞானம் தராசில் இருந்தது.

இன்றைய சட்டத்தின் ஞானமும் தராசில்தான் இருக்கிறது, ஆனால் மறுதட்டில். சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, இச் செடியை வளர்த்தவனுக்கு 20 வருஷம் வரை சிறை, அல்லது 40,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 15 கிராமுக்கு மேல் கையிலிருந்தால் விற்கவே வைத்திருந்தான் என்று சட்டம் கொள்ளும். இல்லையென்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். 500 கிராமுக்கு மேல் கடத்தினவனுக்குத் தூக்கு. பையனிடம் இதைச் சொன்னபோது, தாய்லாந்தில் கடையிலேயே விற்கிறார்களே, நண்பன் விதையை அங்கிருந்துதான் கொண்டுவந்தான் என்றான். மெய்தான். 2022 ஜூனில் அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூனில், வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று திரும்பவும் கட்டியது. அடுத்த வீட்டில் கதவு திறந்திருந்தால் நம் வீட்டுப் பூட்டு கழன்றுவிடுமா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இத் தண்டனைகள் அளவானவை என்று வாதாட நான் வரவில்லை. கிராம் கணக்கில் உயிரை நிறுப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவன் என் அக்காள் மகன். சட்டத்தின் நியாயத்தை அலசும் வேளை அதுவன்று.

"தம்பி, செம்பனை முற்றினால் எண்ணெய் கூடும். இது முற்றினால் எடை கூடும். எடையோடு சிறையும் கூடும். வாசம் வேறு ஊரைக் கூட்டும். தயாராகிவிட்டதா என்று கேட்டாயே, இன்றைக்கே தயார். வேரோடு பிடுங்கியெறிவதற்குத் தயார்."

"நண்பனிடம் சொல்கிறேன், மாமா."

"நண்பனிடமே சொல்."

அதற்குள் அக்காள் முருங்கைக்காய்ச் சாம்பாரோடு வந்துவிட்டாள். என்ன இரகசியம் பேசுகிறீர்கள் என்று சிரித்தாள். செம்பனைக் கதை என்றேன். அக்காளிடம் நான் மறைத்த முதற்பொய் அதுவல்ல. ஆயினும் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியுமுன் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றேன். முன்பெல்லாம் வருகைச் சீட்டிலேயே போதைப்பொருள் கடத்துவோருக்கு மரணம் என்று சிவப்பெழுத்தில் அச்சிட்டிருக்கும். பள்ளிக்கூடத்து நாட்களில் அதை எத்தனை முறை அர்த்தமில்லாமல் படித்திருப்பேன்! பாலத்தைத் தாண்டும்போது கைபேசி ஒலித்தது. "மாமா, அவன் பிடுங்கிவிட்டான்."

"வேரோடா?" என்று எழுதினேன். அவன் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் தோன்றின. பதில் வரவில்லை.

அன்று மாலை எங்கள் ஆபீசுக்கு மூன்று காய்க்குலைகளின் கணக்கு வந்தது. வெட்டினவன் வேலைக்குப் புதிது. மருமகன் வயதுதான் இருக்கும். பிடித்தம் எழுதவேண்டிய கட்டத்துக்கு முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.